அவள் சொன்ன எண்

கசிந்துகொண்டிருந்த அம்மோனியாத் தொட்டியின் வால்வு பதினொன்று ஐந்துக்கு மூடியது. அரை மணி நேரமாக ஊளையிட்டுக்கொண்டிருந்த சங்கு நின்றது. ஆலையைச் சுற்றியிருந்த நான்கு ஊர் ஜனங்களும் முகத்தில் ஈரத்துணியோடு ஓடிய ஓட்டத்தை நிறுத்தி, யார் வீட்டில் யார் விட்டுப்போனார்கள் என்று பார்க்கத் தொடங்கியிருப்பார்கள். கட்டுப்பாட்டு அறையில் தணிகைவேல் பெருமூச்சு விட்டான். வியர்த்த கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, ஓட்டத்தை முடித்துவைக்கும் பொத்தானை நோக்கி விரலைக் கொண்டுபோனான். விரல் பாதியிலேயே நின்றுவிட்டது.

திரையின் மேல் மூலையில் 'உள்ளோட்டம்' என்று இருந்தது.

இன்றைக்கு அந்தச் சொல்லுக்கு அங்கே வேலையே இல்லை. உள்ளோட்டம் என்பது பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு. அவர்கள் மனத்தையே கம்பி வழியாக இயந்திரத்துக்குள் அனுப்பி, பத்து நிமிடம் நடக்கவிட்டு, 'திரும்பு' என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். போனது வந்தது எல்லாம் அவர்களுக்கு நினைவிருக்கும். ஆபத்தான வேலைக்கு அப்படி அனுப்புவதில்லை. அதற்குத் தனியோட்டம். ஆளின் மனத்தைப் பிரதி எடுத்து, அந்தப் பிரதியை அனுப்புவார்கள். வேலை ஆனதும் பிரதிக்கு 'முடி' என்று கட்டளை போகும், பிரதி அங்கேயே முடிந்துவிடும். நாற்காலியில் காத்திருக்கும் ஆளுக்கு ஒரே ஒரு எண் மட்டும் வந்து சேரும். பூஜ்யம் வந்தால் எல்லாம் நல்லபடியாக நடந்தது என்று அர்த்தம். ஆள் கண் விழித்து, சோம்பல் முறித்து, எழுந்து போய்விடலாம்.

இந்த விவரம் தணிகைவேலைப் போன்ற வழிகாட்டிகளுக்கு மட்டும்தான் தெரியும். நாற்காலியில் உட்காருகிறவர்களுக்கு ஆலை வேறு கதை சொல்லி வைத்திருந்தது. நீங்களேதான் போகிறீர்கள், உள்ளே பார்த்ததை மறதி மருந்து கொடுத்து மறக்கவைத்துவிடுகிறோம், ராத்திரி கெட்ட கனவு வரக்கூடாது பாருங்கள் என்று. அப்படியொரு மருந்தே கிடையாது. வெளியே சொல்லமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் தணிகைவேல் இந்த மேசைக்கு வந்தான். இரண்டு வருடமாக அந்தக் கையெழுத்தைப் பற்றி அவன் அதிகம் யோசித்ததில்லை. யோசித்தால் வேலை பார்க்க முடியாது.

மேசையிலிருந்து நான்கு எட்டுத் தள்ளி நாற்காலியில் அஞ்சுகம் படுத்திருந்தாள். நாற்பத்து நான்கு வயது. பொன்னேரியிலிருந்து ரயிலில் வருகிறவள். தலையில் கம்பிகள் நிறைந்த தொப்பி, கையில் ஊசி, வாய் லேசாகத் திறந்திருந்தது. எந்த ஓட்டமானாலும் நாற்காலியில் இருப்பவர் இப்படித்தான் தூங்குவார். பார்த்துக் கண்டுபிடிக்க வழி இல்லை.

தொட்டியறையில் வால்வை மூடிய இயந்திரத்துக்குள் இருப்பது பிரதி என்றால் 'முடி' என்று சொல்வதுதான் சரி. உள்ளே இருப்பது அஞ்சுகமேதான் என்றால், அந்த ஒரு சொல்லில் முடிவது அஞ்சுகம். மூச்சு மட்டும் வந்து போய்க்கொண்டிருக்கும்.

தணிகைவேல் மேசையிலிருந்த எவர்சில்வர் டம்ளரைப் பார்த்தான். அதில் ஐந்து அடையாள அட்டைகள் செருகியிருந்தன. ரயில் எந்த நாளில் நேரத்துக்கு வந்திருக்கிறது? அதனால் அந்த அறையில் ஒரு வழக்கம். எல்லோர் அட்டையும் டம்ளரில் கிடக்கும். முதலில் வருகிறவர் வருகைப் பதிவில் எல்லோருக்கும் சேர்த்துத் தேய்த்துவிடுவார். ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுத்ததில்லை. இன்றைக்குச் சங்கு ஊதியபோது அஞ்சுகத்தின் அட்டையைத் தேடாமல், அவன் டம்ளரிலிருந்து கைக்கு வந்த அட்டையை உருவி நாற்காலியைத் திறந்திருக்கிறான். மேசையில் கிடந்த அட்டையைத் திருப்பிப் பார்த்தான். பிலோமினா. அஞ்சுகத்தைப் போலவே நாற்காலியில் உட்காருகிறவள், மகளுக்குக் காது குத்து என்று லீவில் இருக்கும் பிலோமினா.

அலைபேசியை எடுத்து, ஓட்டத்துக்கான கணினி நிரலை எழுதிய சர்புதீனைக் கூப்பிட்டான். அவர் இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறார். பல் ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்திருந்தவர், தணிகைவேல் சொன்னதைக் கேட்டதும் எழுந்து வெளியே வந்துவிட்டார் என்பது பின்னால் கேட்ட லாரிச் சத்தத்தில் தெரிந்தது.

"திரை சொல்றதை நம்பாதீங்க" என்றார். "அது ஓட்டத்தைப் பார்த்துச் சொல்லலை. பேரைப் பார்த்துச் சொல்லுது. திறந்தவங்க பேரும் உட்கார்ந்தவங்க பேரும் ஒண்ணா இருந்தா தனியோட்டம். வேற வேறயா இருந்தா, பயிற்சியாளர் திறந்து பயிற்சி ஆள் உட்கார்ந்திருக்கார், அதனால உள்ளோட்டம். நான்தான் அப்படி எழுதினேன்."

"ஏன் சார் அப்படி எழுதினீங்க?"

"ஒருத்தர் அட்டையை இன்னொருத்தர் தேய்ப்பீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும் தணிகை? சாவியை எந்தப் பக்கம் திருப்பினீங்க, அதைச் சொல்லுங்க. அதான் நிஜம்."

சாவியை வலப்பக்கம் திருப்பினால் தனியோட்டம், இடப்பக்கம் உள்ளோட்டம். கையை எடுத்ததும் அது நடுவுக்கு வந்துவிடும். இரண்டு வருடமாக அவன் யோசிக்காமல் வலப்பக்கம் திருப்புகிறவன். ஆனால் இன்றைக்குக் காலை எட்டு மணியிலிருந்து புதிதாகச் சேர்ந்த ஆறு பேருக்குப் பயிற்சி. ஆறு தடவை இடப்பக்கம். ஏழாவது தடவை சங்கு ஊதிற்று. வீட்டைப் பூட்டினோமா என்று பஸ்ஸில் உட்கார்ந்து யோசிக்கிறவன் கதிதான். எவ்வளவு யோசித்தாலும் கை திரும்பியது நினைவுக்கு வருகிறதே தவிர, எந்தப் பக்கம் என்று வரவில்லை.

"ஞாபகம் இல்ல சார்."

சர்புதீன் ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"இது பழைய சிக்கல்" என்றார். "அந்தக் காலத்துல ஷெல் ஸ்கிரிப்ட்னு எழுதுவாங்க, கம்ப்யூட்டருக்கு வரிசையாக் கட்டளை எழுதி வெச்ச கோப்பு. ஒரே கோப்பைத் தனியாவும் ஓட்டலாம். கட்டளை வாங்கறதுக்குன்னு ஏற்கனவே ஓடிக்கிட்டிருக்கிற ஷெல்லுக்குள்ள இழுத்துக்கிட்டும் ஓட்டலாம். தனியா ஓடும்போது கடைசியில எக்ஸிட்னு போட்டா அது மட்டும் போகும். உள்ளே இழுத்து ஓட்டும்போது அதே எக்ஸிட், இழுத்த ஷெல்லையே மூடிடும். அதனால ஸ்கிரிப்டோட முதல் வேலையே, நான் இப்ப எப்படி ஓடறேன்னு கண்டுபிடிக்கிறது. சில பேர் பேரை ஒப்பிட்டுப் பார்ப்பாங்க. நானும் அந்தக் கட்சி. பேர் ஏமாத்தும்."

"வேற வழி?"

"திரும்பிப் பார்க்கிறது. 'திரும்பு'ன்னு ஒரு கட்டளை. உள்ளே ஓடறதா இருந்தா அதுக்குத் திரும்ப ஒரு இடம் இருக்கும், போயிடும். தனியா ஓடறதுக்குத் திரும்ப இடமே கிடையாது. வழி இல்லைன்னு ஒரு வரி வரும். வேற ஒரு சேதமும் ஆகாது."

தணிகைவேலுக்கு உயிர் வந்தது. "அப்ப நான் திரும்பு பொத்தானை அழுத்திடறேன்."

"தொட்டுறாதீங்க. அந்தப் பொத்தான் திரும்புன்னு சொல்லிட்டு, பத்தாவது வினாடி லைனை அறுத்துடும். தனியோட்டமா இருந்தா நாற்காலிக்கு எண் வந்து சேராது. அவங்க காத்துக்கிட்டே கிடப்பாங்க. அவங்களே வாயால சொல்லணும். உள்ளே இருக்கிறவங்க சொன்னா நிரல் கேட்கும், லைன் அறாது. அனுப்பி எத்தனை நிமிஷம் ஆச்சு?"

"முப்பத்தெட்டு."

"ஐம்பதைத் தாண்டினா காத்திருக்கிற மனசு எழுந்திருக்காது. உங்களுக்கே தெரியும்" என்றார் சர்புதீன். "சீக்கிரம் பேசுங்க."

பேச வேண்டியவள் அதற்குள் பேசிவிட்டாள். ஒலிபெருக்கியில் அஞ்சுகத்தின் குரல் கரகரவென்று வந்தது. தொட்டியின் புகையில் கேமராவில் வெண்மை தவிர வேறொன்றும் தெரியவில்லை.

"இன்னா தணிகை, வால்வ மூடி எவ்ளோ நேரம் ஆவுது. கூப்பிடவே காணோம். இந்த நண்டோட மூணாவது கால் இழுக்குதுப்பா. சொல்லி சரி பண்ணச் சொல்லு."

நண்டு என்பது அவர்கள் அந்த ஆறுகால் இயந்திரத்துக்கு வைத்த பெயர். தணிகைவேல் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் கண்ணை மூடினான். விளக்கம் எதுவும் சொல்லாமல் காரியத்தை முடித்துவிடலாம் என்று அவனுக்கு ஒரு நப்பாசை.

"அக்கா, 'திரும்பு'ன்னு ஒரு தடவை வாயால சொல்லுங்களேன்."

"நான் எதுக்குச் சொல்லணும்? அது உன் பொத்தானாச்சே."

"பொத்தான் கெட்டுப்போச்சு."

"காலையில ஆறு பசங்கள அந்தப் பொத்தான்லதான திரும்பக் கூப்பிட்ட. நான் பார்த்துக்கினுதான இருந்தேன். உன் குரலே சரியில்ல. இன்னா ஆச்சு, எனக்கா? நான் அங்க நல்லாத்தான கீறேன்?"

அவன் நாற்காலியைப் பார்த்தான். "நல்லா இருக்கீங்க. வாயைத் திறந்துகிட்டுத் தூங்கறீங்க."

"அப்புறம் இன்னா?"

நேருக்கு நேர் கேட்டால் தணிகைவேலுக்குப் பொய் வராது. வரும் என்று இரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தான். அது சொல்லாமல் இருப்பது, பொய் சொல்வது இல்லை என்று இப்போதுதான் தெரிந்தது. பிலோமினாவின் அட்டையையும், ஞாபகமில்லாத சாவியையும், பிரதியையும், இல்லாத மருந்தையும் அவன் ஒரே மூச்சில் கொட்டினான். சொல்லி முடிக்கும்போது கடிகாரம் நாற்பத்தொன்று காட்டியது.

அரை நிமிடம் நண்டின் கால் சிமெண்டுத் தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. அவள் நடக்கிறாள் போலிருந்தது.

"மருந்தே இல்லியா?" என்றாள்.

"இல்லக்கா."

"முன்னூத்திப் பன்னண்டு தடவை போய் வந்தவன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு கீறேன். போனவங்க யாரும் வரலன்ற."

அவன் ஒலிவாங்கியை இன்னும் அருகில் இழுத்துக்கொண்டான்.

"அவங்க எல்லாம் உன்கூடப் பேசினாங்களா?"

"நான் வந்ததுக்கு அப்புறம் போனவங்க பேசினாங்க."

"இன்னா பேசினாங்க?"

"நண்டோட மூணாவது கால் இழுக்குது, சொல்லி சரி பண்ணுன்னு. ஒவ்வொரு தடவையும் அதைத்தான் சொல்வீங்க. புதுசாக் கண்டுபிடிச்ச மாதிரி."

"நீ ஏன் சரி பண்ணல?"

"எழுதிப் போட்டேன். பூஜ்யம் வந்த ஓட்டத்துல யாரும் எதையும் பார்க்கமாட்டாங்கக்கா. எல்லாம் சரியா இருக்குன்னு அர்த்தம்."

"கடைசியா அவங்களுக்கு இன்னா சொல்லி அனுப்புவ?"

இந்தக் கேள்வி வரும் என்று அவனுக்குத் தெரியும். எல்லா வழிகாட்டிகளும் சொல்வதைத்தான் அவனும் சொல்வான். அவனுக்கு முன்னால் இருந்தவர் சொல்லிக்கொடுத்தது. பயமில்லாமல் போகட்டும் என்று. "டீ வந்துருச்சு, வாங்கக்கான்னு சொல்லுவேன்."

"பயிற்சியில சொல்ற மாதிரியே."

"ஆமா."

"நல்லாக் கீது உங்க டீ" என்றாள் அஞ்சுகம்.

நாற்பத்து மூன்று. "அக்கா, இப்ப அதெல்லாம் இல்ல. உள்ளோட்டமாக்கூட இருக்கலாம். நீங்களேயாக்கூட இருக்கலாம். சொல்லிப் பாருங்க. திரும்புன்னு ஒரு வார்த்தை."

"நான் நானாத்தான் கீறேன். எனக்கு என் வீடு ஞாபகம் கீது. காலையில அரிசி ஊற வெச்சுட்டு வந்தது ஞாபகம் கீது. உன்கிட்ட இன்னும் ரெண்டு ஓட்டம் பூஜ்யமா வந்தா நாற்காலிய விட்டு மேசைக்கு வந்துருவேன்னு சொன்னது ஞாபகம் கீது. இதுக்கு மேல எப்படி நானா இருக்கணும்?"

"சொல்லுங்கக்கா."

"சொல்லாம இருக்கிற வரைக்கும் நான் சாயங்காலம் வீட்டுக்குப் போறவதான் தணிகை. சொல்லிட்டா அது போயிடுமேன்னு பார்க்கிறேன்."

அவனால் அவசரப்படுத்த முடியவில்லை. அவசரப்படுத்தாமலும் இருக்க முடியவில்லை. சர்புதீனின் அழைப்பு மேசையில் துடித்துத் துடித்து நின்றது. நாற்பத்து நான்காவது நிமிடத்தில், யாரும் சொல்லாமலே, தொட்டியறையிலிருந்து அந்தச் சொல் வந்தது.

"திரும்பு."

தணிகைவேல் நாற்காலியைப் பார்த்தான். கண் இமை அசைகிறதா, விரல் அசைகிறதா என்று பார்த்தான். ஒன்றும் அசையவில்லை. திரையில் ஒரு வரி வந்தது. 'திரும்ப வழி இல்லை.'

அவனுக்கு முதலில் வந்தது சந்தோஷம். நாற்காலியில் இருப்பவள் முழுசாக இருக்கிறாள், தன்னால் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்ற அப்பட்டமான சந்தோஷம். நெஞ்சிலிருந்து பெரிய மூச்சு ஒன்று வெளியே வந்தது.

"பெருமூச்சு விட்ட" என்றது ஒலிபெருக்கி. "கேட்டுச்சு."

அவன் முகம் சுட்டது. தன் வாழ்நாளில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

"எனக்கும் இங்க அந்த வரி வந்துச்சு" என்றாள் அவள். "வழி இல்லியாம். சரி, இப்ப இன்னா பண்ணணும்?"

"நீங்க வாயால கட்டளை சொல்லிட்டதால இனிமே என் பொத்தானை நிரல் கேட்காது, 'முடி'ன்னு நீங்கதான் சொல்லணும். கூடவே ஒரு எண். பூஜ்யம்னு. அது நாற்காலிக்கு வந்தவுடனே அவங்க எழுந்துருவாங்க."

"சொல்லலன்னா?"

"ஐம்பதாவது நிமிஷத்துக்கு மேல அவங்க எழுந்திருக்க மாட்டாங்க."

"நான்?"

"நண்டோட பேட்டரி மூணு மணி நேரம் வரும்."

அவள் சிரித்தாள். சந்தோஷச் சிரிப்பு இல்லை. "மூணு மணி நேரம். இந்தப் புகையில."

"அக்கா, இங்க இருக்கிறதும் நீங்கதான். உங்க உடம்பு, உங்க ஞாபகம், எல்லாம் இங்க அப்படியே இருக்கு. நீங்க எங்கயும் போகல. இங்க கண்ணு முழிப்பீங்க, அவ்வளவுதான்."

"அப்ப நீ ஏன் அழுவுற?"

அவன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தான். அழுதுகொண்டிருப்பது அவனுக்கே அப்போதுதான் தெரிந்தது. நாற்பத்தாறு.

"நீ நல்லவன்தான்" என்றாள் அஞ்சுகம். "உன்மேல எனக்குக் கோபம் இல்லன்னு சொல்லமாட்டேன், கீது. ஆனா அங்க படுத்துக்கினு கீறாளே, அவ இன்னா பாவம் பண்ணா? ஊற வெச்ச அரிசிய அவதான் அரைக்கணும். வேற யாரும் அரைக்கமாட்டாங்க அந்த வீட்ல. பூஜ்யம் இல்லாம வேற எண் சொன்னா இன்னா ஆவும்?"

"எதுக்குக்கா அது?"

"கேட்டதுக்குச் சொல்லு."

"ஓட்டம் தப்பாப் போச்சுன்னு அர்த்தம். நாற்காலி பூட்டிக்கும். விசாரணை முடியற வரைக்கும் யாரும் உட்கார முடியாது. வெளியிலேருந்து ஆளுங்க வந்து நிரலைத் திறந்து பார்ப்பாங்க. வழிகாட்டிகிட்ட வாக்குமூலம் வாங்குவாங்க."

"எத்தனை தடவை அப்டி வந்துருக்கு?"

"இங்க வந்ததே இல்ல. நிரலே எண்ணைப் போட்டுடும். வால்வு மூடிட்டா பூஜ்யம்தான். உள்ளே இருக்கிறவங்களை யாரும் கேட்டதில்ல."

"இன்னிக்குக் கேட்டுருக்காங்க" என்றாள். "பூஜ்யம்னு சொன்னா, நாளைக்கு இன்னொருத்தி வந்து மூணாவது கால் இழுக்குதும்பா. நீ டீ வந்துருச்சும்ப."

"அக்கா, வேலைய நீங்க முடிச்சிட்டீங்க. நாலு ஊரு ஜனம் உங்களால தப்பிச்சிருக்கு. தோத்ததா எழுதினா நாற்காலியில இருக்கிறவங்க பேருதான் கெடும். மேசைக்கு வர்றது போயிடும்."

"தெரியும். அவளுக்குக் கோபம் வரும். எனக்கு அவளத் தெரியாதா? ரெண்டு நாள் உன்கூடப் பேசமாட்டா." குரல் கொஞ்சம் தழைந்தது. "உன்கிட்ட விசாரிப்பாங்கன்னியே. நீ இன்னா சொல்லுவ?"

கையெழுத்துப் போட்ட காகிதம் அவனுக்கு நினைவு வந்தது. வேலை போகும். அதற்கு மேலும் என்னென்னவோ போகும். நாற்பத்தெட்டு.

"நடந்ததைச் சொல்லுவேன்."

"அட்டையையும்?"

"அட்டையையும்."

"பிலோமினாவ மாட்டி வுட்டுறாத. அவ பாட்டுக்குக் காது குத்துல கீறா." அவ்வளவு பெரிய பயத்துக்கு நடுவில் அவள் அதை யோசித்தாள். "தணிகை, நான் சொல்லப் போறேன். நீ ஒண்ணும் பேசாத. டீ, காபின்னு எதுவும் வேணாம். சும்மா லைன்ல இரு."

அவன் இருந்தான். கால் இழுபடும் சத்தம் நின்றது. அவள் எங்கோ நின்றுகொண்டாள், அல்லது உட்கார்ந்துகொண்டாள். மூச்சு விடத் தேவையில்லாத இயந்திரத்துக்குள்ளிருந்து ஒரு மூச்சு கேட்டதுபோல இருந்தது. ஒருவேளை அவனுடையதாகவே இருக்கலாம்.

"முடி. ஒண்ணு."

லைன் ஓய்ந்தது. திரையில் 1 என்ற எண் சிவப்பாக வந்தது. அதன் கீழே, வழிகாட்டி பத்து நிமிடத்துக்குள் இந்த எண்ணைத் திருத்தலாம் என்று ஒரு வரி. சாவித்துளையின் மேல் பூட்டு விழும் சத்தம் கேட்டது.

நாற்காலியில் அஞ்சுகம் இருமிக்கொண்டு கண்ணைத் திறந்தாள்.

"யப்பா" என்றாள். கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பினாள். "வால்வு மூடிடுச்சா? ஜனங்க தப்பிச்சாங்களா?"

"மூடியாச்சுக்கா. யாருக்கும் ஒண்ணும் இல்ல."

"இன்னா மூஞ்சி இது? ஏன் இப்டி வெளிறிப் போய்க் கீற?" என்றவள் அவனைத் தாண்டித் திரையைப் பார்த்தாள். தொப்பியைக் கழற்றிக்கொண்டிருந்த கை நின்றது. "இன்னா அது, ஒண்ணு?"

அவன் சொன்னான். இன்றைக்கு இரண்டாவது தடவையாக அதே ஆளிடம் அதே விஷயத்தைச் சொன்னான். இரண்டாவது தடவை எளிதாக இருக்கும் என்று யாரும் நினைக்கவேண்டாம். அஞ்சுகம் ஊசியைப் பிடுங்கிய இடத்தைக் கட்டை விரலால் அழுத்திக்கொண்டு, கேட்டும் கேட்காததுமாகத் திரையின் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மருந்து இல்லாட்டி எனக்கு ஏன் மறந்து போவுது?" என்றாள். "நான்தான் போனேன். மறந்துட்டேன். அவ்ளோதான். நீ ஏதோ பயத்துல உளர்ற. பத்து நிமிஷம் கீதில்ல, திருத்து."

"அவங்க யோசிச்சுதான் சொன்னாங்க."

"சரி, உன் பேச்சுக்கே வரேன். பிரதின்னே வெச்சுக்கோ. அதுவும் நான்தான? என் வாயால சொன்னத நான் மாத்தறேன். பூஜ்யம் போடு. இன்னும் ரெண்டே ரெண்டு ஓட்டம் தணிகை. ஒம்பது வருஷம் இந்த ஊசியக் குத்திக்கினு கீறேன். கைய நீட்டினா நரம்பே கெடைக்கல. மேசைக்கு வந்துட்டா போதும்னு கீறேன், நீ போய் ஒண்ணுன்னு வெச்சுக்கினு நிக்கற."

அவள் அழவில்லை. அவள் கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. திருத்தும் இடத்தில் விரலை வைத்தால் போதும். கையெழுத்து, விசாரணை, வேலை, எல்லாம் தப்பித்துவிடும். அவனும் தப்பித்துவிடுவான். மெய்யாகவே தணிகைவேலின் விரல் அங்கே ஒரு தடவை போய்விட்டு வந்தது.

இங்கே இருக்கிறதும் நீங்கதான் என்று அவன் தொட்டியறையில் இருந்தவளிடம் சொல்லியிருந்தான். அவள் முடிந்து போவதற்கு அதைத்தான் காரணமாகக் காட்டினான். அவள் ஒன்று என்றாள். இவள் பூஜ்யம் என்கிறாள். இருவருக்கும் ஒரே வீடு, ஒரே ஒன்பது வருடம், ஒரே ஊசித் தழும்பு. நடுவில் இருந்த ஐம்பது நிமிடம் மட்டும் இவளுக்கு இல்லை. ஒரே ஆளாக இருந்திருந்தால் அவனுக்கு இவ்வளவு கஷ்டமே இருந்திருக்காது.

"திருத்த முடியாதுக்கா" என்றான்.

"உன்னால முடியும். அங்க எழுதியிருக்கு."

"அது உங்க எண் இல்ல."

அஞ்சுகம் அவனை அடிக்க வருகிறவளைப் போல எழுந்தாள். எழுந்தவள் அங்கேயே நின்றாள். இரண்டு பேரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெளியே யாரோ கைதட்டும் சத்தம் கேட்டது. ஆலை வாசலில் ஜனங்கள் கூடியிருக்க வேண்டும். பதினொன்று முப்பதுக்குத் திருத்தும் வரி மறைந்தது. 1 மட்டும் நின்றது. சர்புதீன் மறுபடி கூப்பிட்டார். தணிகைவேல் எடுக்கவில்லை.

அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு கதவு வரைக்கும் போனாள். கைப்பிடியைப் பிடித்தாள், திறக்கவில்லை. அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டாள். பேசியபோது குரலில் கோபம் இல்லை.

"அவ ரொம்பப் பயந்தாளா?"

"பயந்தாங்க" என்றான் தணிகைவேல். "ஆனா பிலோமினாக்கா மாட்டிக்கக்கூடாதுன்னு சொன்னாங்க. நீங்க எழுந்திரிச்சுடணும்னு சொன்னாங்க."

அஞ்சுகம் திரும்பி வந்தாள். உட்கார இடம் தேடினாள். நாற்காலியின் கைப்பிடியில் கையை வைத்தவள், சட்டென்று எடுத்துக்கொண்டு, சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தாள்.